ஐம்பது பத்திரிகையில் இல்லாத சொல்

(காரைக்குடியில் மாணவத் தோழர்கள் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு மொழி பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

எழுத வந்தது எப்படி, எழுதுவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். பெரிய எழுத்தாளர்களைக் கேட்டால் பாட்டி சொன்ன கதை, அப்பா வைத்திருந்த புத்தக அலமாரி, ஆற்றங்கரை என்று ஆரம்பிப்பார்கள். எங்க வீட்டில் அலமாரியே கிடையாது. அப்பத்தா கதை சொல்லும், ஆனா பாதியிலேயே தூங்கிப் போகும். பகலெல்லாம் களத்தில் கிடந்த உடம்பு. அதனால் என் கதை ஒரு அச்சாபீசில்தான் ஆரம்பிக்குது.

எட்டாவதோடு படிப்பு நின்றுபோச்சு. 1983இல் இந்த ஊரில் ஒரு அச்சகத்தில் சேர்த்துவிட்டார்கள். பேர் வேண்டாம். மொதல்ல கூட்டிப் பெருக்குவது, டிரெடில் மிஷினுக்கு மை துடைப்பது. ஒரு வருஷம் கழிச்சு கம்போசிங்குக்கு விட்டார்கள். உங்களில் பலபேர் ஈய எழுத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒவ்வொரு எழுத்தும் ஒரு சின்ன ஈயத்துண்டு. கேஸில் கட்டம் கட்டமாக் கிடக்கும். இடது கையில் ஸ்டிக்கைப் பிடிச்சுக்கிட்டு வலது கையால ஒவ்வொண்ணா எடுத்துக் கோர்க்கணும். எழுத்து தலைகீழா இருக்கும், அதைத் தலைகீழாவே வாசிக்கப் பழகணும். நான் தமிழை ஒழுங்காப் படிச்சது அப்படித்தான், தலைகீழா.

செட்டிநாட்டில் அச்சகம் என்றால் வேறென்ன, கல்யாணப் பத்திரிகைதான். நகரத்தார் வீட்டுப் பத்திரிகை ஒரு பெரிய சாசனம் மாதிரி இருக்கும். இன்ன ஊர், இன்ன கோயில், பாட்டனார் பேர், அவுக தகப்பனார் பேர், பேருக்கு முன்னாடி நாலஞ்சு இனிஷியல், பின்னாடி ‘அவர்கள்’. ஒரு பத்திரிகைக்கு இருபது ‘அவர்கள்’ கோர்த்திருக்கேன். கடைசியில் விரல் பார்க்காமலே போய் அந்த எழுத்துக்களை எடுத்து வந்துரும்.

1986 என்று நினைக்கிறேன். பக்கத்து ஊர்ச் சேரியிலிருந்து ஒருத்தர் மகன் கல்யாணத்துக்கு நூறு பத்திரிகை கேட்டு வந்தார். நோட்டுப் பேப்பரில் யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். மொட்டையாகப் பேர், அடுத்த வார்த்தை ‘மகன்’. அவ்வளவுதான். ‘திரு’ இல்லை, ‘அவர்கள்’ இல்லை. என் விரல் பழக்கதோஷத்தில் போச்சா, நானே வேணும்னு போட்டேனா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ‘திரு’ போட்டு, பேர் போட்டு, ‘அவர்கள்’ போட்டு, ‘குமாரர்’ என்று கோர்த்துவிட்டேன்.

புரூஃப் எடுத்துக் கையில் கொடுத்தேன். அவர் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர். விரல் வச்சு வச்சு வந்து அந்த இடத்தில் நின்னுபோச்சு. ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் மெதுவா, “தம்பி, இது வேணாம்ப்பா. பத்திரிகைய ஊருக்குள்ள அய்யாமாருக்கும் வைக்கணும்ல” என்றார். நான் எடுக்கக் கை வைத்தேன். உடனே, “பூராத்துலயும் எடுத்துருவியா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் தோழர்களே, என்னை எழுத வைத்தது. அம்பேத்கரையும் பெரியாரையும் நான் பிற்பாடுதான் படித்தேன்.

இரண்டு விதமாக அடித்தோம். ஐம்பது பத்திரிகை ‘அவர்கள்’ போட்டு, நம்ம சனத்துக்கு. ஐம்பது இல்லாமல், ஊருக்கு. எழுத்தை உருவினால் வரி ஆடும். அதனால் அந்த இடத்தில் குவாட் வைத்து நிரப்பினேன். குவாட் என்பது மை படாத ஈயக்கட்டி, வெற்றிடத்துக்கு வைப்பது. ஊருக்குப் போன ஐம்பது பத்திரிகையிலும் பேருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளை இடம் இருந்தது. வாங்கினவர்கள் யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். முதலாளி இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார். காரணம் சாதி இல்லை, மிஷினை இரண்டு தரம் நிறுத்தியதுதான். அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

பல வருஷம் கழித்து ஹட்டன் எழுதிய ‘இந்தியாவில் சாதி’ என்ற புத்தகத்தில் நம்ம மாவட்டத்தைப் பற்றிய பகுதியைப் படித்தேன். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்தவர் அவர். அப்போது சிவகங்கை தனி மாவட்டம் இல்லை, ராமநாதபுரம் ஜில்லாதான், 1985இல்தான் பிரிந்தது. 1930 டிசம்பரில் இந்த ஜில்லாவில் கள்ளர் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள் என்று எழுதியிருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, சட்டை பனியன் போடக் கூடாது. முடி கிராப்பு வெட்டக் கூடாது. மண்சட்டி தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் மாராப்பும் ரவிக்கையும் போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறினவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அதோடு விடவில்லை. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது, மிராசுதார் மாட்டைத்தான் மேய்க்க வேண்டும். சொந்தமாகவோ வாரத்துக்கோ நிலம் உழக் கூடாது. கல்யாணத்தில் மேளம் கூடாது. காலை 7 மணியிலிருந்து மாலை 6 மணி வரைக்கும் கூலிவேலை, ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. கூலி வரைக்கும் கணக்காகப் போட்டிருக்கிறார்கள்!

எங்க அப்பத்தா சாகிறவரைக்கும் குடை பிடித்து நான் பார்த்ததில்லை. மழை பெய்தால் சாக்கைக் கொங்காணி மாதிரி மடிச்சுத் தலையில் போட்டுக்கும். பேரன் வாங்கிக் கொடுத்த குடை வீட்டில் மடக்கினபடியே தொங்கியது. கிழவிக்குப் பழக்கமில்லை என்று சிரிச்சிருக்கோம். ஹட்டனைப் படித்த அன்றைக்குச் சிரிப்பு நின்றுபோச்சு.

ஆனா அந்தப் பட்டியலை நான் வேற மாதிரியும் வாசிக்கிறேன். யாரும் செய்யாத காரியத்துக்கு யாராவது தடை போடுவார்களா? 1930இல் நம்ம ஆட்கள் சட்டை போட ஆரம்பிச்சிருக்காங்க, குடை பிடிச்சிருக்காங்க, கிராப்பு வெட்டியிருக்காங்க, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்காங்க. அதனால்தான் தடை. அவர்கள் போட்ட தடைப்பட்டியல்தான் நம்மோட போராட்ட வரலாறு. நம்ம வரலாற்றை நாம எழுதி வைக்கல, எதிரி எழுதி வச்சிருக்கான். அதைத் தலைகீழா வாசிக்கணும். கம்போசிட்டருக்கு அது சிரமமில்லை.

சரி, எழுத்துக்கு வருகிறேன். 1991 அம்பேத்கர் நூற்றாண்டு. எங்க பார்த்தாலும் கூட்டம், துண்டுப்பிரசுரம். எனக்கும் கை துறுதுறுத்தது. ஒரு கதை எழுதினேன். செட்டிவீட்டுக் கல்யாணத்தன்று பின்வாசலில் எச்சில் இலைக்குக் காத்திருக்கும் ஒரு தாயும் மகனும். நம்ம ஊர்ச் செட்டிவீடுகளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். நடுவில் வளவு, இரண்டாங்கட்டு, பர்மாத் தேக்குத் தூண். இப்போது சுற்றுலாக்காரர்கள் படம் எடுப்பதெல்லாம் முகப்பிலிருந்து. நாங்க பார்த்த வீடு பின்பக்கத்து வீடு. சாம்பலும் பாத்திரமும் எலையும் வந்து விழுகிற இடம்.

பொருள் நம்ம பொருள்தான். மொழி? இது கம்பன் கழகம் பிறந்த ஊர். 1939இல் சா. கணேசன் ஆரம்பித்தது. தமிழ்த்தாய்க்குக் கோயிலே இருக்கு. மேடைத்தமிழ் காற்றிலேயே மிதக்கும். என் கதையில் எங்க ஆத்தா ‘மகனே, இவ்விழிநிலை என்று மாறுமோ’ என்று பேசியது. கண்ணீர் ‘உகுத்தது’. ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன், திரும்பி வந்தது. அவர்கள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். நானே ஆசிரியராக இருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன். வீட்டில் ஆத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுட்டு, “யாருடா இவ, அய்யரு வீட்டுப் பொம்பளையா?” என்று கேட்டது.

அந்தச் சமயத்தில்தான் பாமாவின் ‘கருக்கு’ கையில் கிடைத்தது. 1992இல் மதுரை சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையம் வெளியிட்டது. ஒரு தோழர் பையில் வைத்திருந்தார், ஒரு ராத்திரிக்கு வாங்கினேன். பாமா வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டிக்காரர். கன்னியாஸ்திரியாக மடத்தில் இருந்து, அங்கேயும் சாதி இருப்பதைப் பார்த்து, வெளியே வந்தவர். வேலை இல்லை, கையில் காசில்லை, எங்கே போவதென்று தெரியவில்லை. அந்த நிலையில் ஒரு நண்பர் தூண்டியதால் சின்ன வயசு நினைவுகளை எழுத உட்கார்ந்தார். புத்தகமாக்க வேண்டும் என்ற திட்டமெல்லாம் ஆரம்பத்தில் இல்லை. தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ள எழுதியது.

அதில் ஒரு இடம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நம்ம தெருப் பெரியவர் ஒருத்தர் பலகாரப் பொட்டலத்தை, கை படாமல் சணலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கரிடம் நீட்டுகிறார். பள்ளிக்கூடம் விட்டு வரும் சிறுமிக்கு அது வேடிக்கை, விழுந்து விழுந்து சிரிக்கிறாள். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. காரணத்தைச் சொல்கிறார், படித்து முன்னுக்கு வரச் சொல்கிறார். அந்த அண்ணன்தான் 2024 நவம்பரில் நம்மை விட்டுப் போன ராஜ் கௌதமன். ஒரே வீட்டில் இரண்டு பேர். அவர் வரலாற்றையும் இலக்கியத்தையும் பிரித்துப் போட்டுக் காட்டினார். தங்கை நம்ம மொழியிலேயே நம்ம தெருவை எழுதினார். அண்ணன் கொண்டுவந்து போட்ட புத்தகங்கள்தான் தனக்குப் படிப்பைக் கொடுத்தது என்று பாமா சொல்லியிருக்கிறார். ஜெயகாந்தன், அகிலன், நா. பார்த்தசாரதி என்று சின்ன வயசிலேயே வாசித்தவர். ஆனால் எழுத உட்கார்ந்தபோது அவர்கள் யாருடைய மொழியிலும் எழுதவில்லை. எனக்கு உறைத்த இடம் அதுதான்.

விடிய விடிய வாசித்தேன். இப்படியெல்லாம் அச்சில் போடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. பயமாக இருந்தது. கருக்கு என்றால் பனைமட்டையின் ரெண்டு பக்கமும் ரம்பம் மாதிரி இருக்குமே, அது. விறகுக்கு மட்டை பொறுக்கப் போன நம்ம பிள்ளைகள் எல்லாருக்கும் கையில் அந்தத் தழும்பு இருக்கும்.

புத்தகம் வந்ததும் என்ன நடந்தது தெரியுமா? பாமாவின் சொந்த ஊர்க்காரர்களே கோபப்பட்டார்கள். நம்ம தெரு விஷயத்தையெல்லாம் வெளியே சொல்லிவிட்டாளே என்று. ஏழு மாசம் அவர் ஊருக்குள் போக முடியவில்லை. பிற்பாடு லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2000இல் வந்தது, பரிசு வந்தது, பல்கலைக்கழகங்களில் பாடமாச்சு. விருதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். எழுத நினைக்கிற நீங்கள் அந்த ஏழு மாசத்தை நினைத்துப் பாருங்கள்.

நான் பழைய கதையைக் கிழித்துப்போட்டு ஆத்தா பேச்சிலேயே திரும்ப எழுதினேன். என் முறை இதுதான், பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. பேப்பரை எடுக்கிறதுக்கு முன்னாடி வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். ராத்திரி சைக்கிளில் வீட்டுக்குப் போகிற அஞ்சு மைலும் அதுக்குத்தான். எதிரே வருகிறவன் கிறுக்கன் என்று நினைத்துக்கொள்வான். வாயில் நிற்காத வாக்கியத்தைப் பேப்பரில் ஏற்ற மாட்டேன். அப்புறம் புரூஃப் தாளின் பின்பக்கத்தில் எழுதுவேன். அச்சாபீசில் ஓசியாகக் கிடைப்பது அது ஒன்றுதான். முன்பக்கம் யாரோ செட்டியாரின் சஷ்டியப்தபூர்த்தி, பின்பக்கம் என் கதை. கடைசியில் ஆத்தாவுக்கு வாசிப்பேன். “நான் அப்படிச் சொல்லல” என்று அது சொன்னால் அடிக்கணும், வாதாட முடியாது.

1996இல் டிடிபி வந்து டிரெடிலை விழுங்கிக்கொண்டிருந்தது. முதலாளி மிஷினைப் பழைய இரும்புக்குப் போடத் தேதி பார்த்துக்கொண்டிருந்தார். அதுக்கு முன்னாடி ராத்திரியில் நானே கோர்த்து என் புத்தகத்தை அடித்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். பேப்பர் காசு உன்னுது, மை என்னுது என்றார். கூலி பிடித்தவரும் அவர்தான், மை கொடுத்தவரும் அவர்தான். மனுசனை ஒரே பக்கமாக எழுத முடியாது.

64 பக்கம், 500 பிரதி. நாலு பக்கத்துக்கு மேல் கோர்க்க எழுத்து பத்தாது. நாலு பக்கம் கோர்த்து, அடித்து, எழுத்தைப் பிரித்துக் கேஸில் போட்டு, அடுத்த நாலு. அடித்த பக்கத்தை அப்புறம் மாற்ற முடியாது. என் கதைகள் எல்லாம் நாலு பக்கத்தில் முடிந்துவிடுகிறது, சிறுகதை வடிவத்தில் இது ஒரு புதிய சோதனை என்று ஒரு விமர்சகர் எழுதினார். சோதனை எல்லாம் இல்லை, ஈயப்பஞ்சம்.

இன்னொன்று. கோர்க்கக் கோர்க்க ‘ச்’சும் ‘சு’வும் தீர்ந்துபோச்சு. எங்கேயும் நடக்காத அதிசயம். கல்யாணப் பத்திரிகைக்கு ‘சு’ எத்தனை வேண்டும்? எழுத்து வார்த்துக் கொடுக்கிறவன் எழுதுகிற தமிழுக்குக் கணக்குப் போட்டுத்தான் கொடுக்கிறான். நம்ம சனம் பேசுகிற தமிழ் ‘போச்சு, வந்துச்சு, அடிச்சுச்சு, செத்துப்போச்சு’. அந்தக் கேஸில் நம்ம பேச்சுக்கு எழுத்து இல்லை தோழர்களே. ‘வந்தது, போனது’ என்று மாற்றினால் ஒரு ராத்திரியில் வேலை முடிந்திருக்கும். செய்யவில்லை. பக்கத்துக் கேஸிலிருந்த பெரிய பாயிண்ட் ‘சு’வை எடுத்துப் போட்டேன். இன்றைக்கும் அந்தப் புத்தகத்தில் அங்கங்கே ‘சு’ மட்டும் தடித்துத் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஏன் சொந்தமா அடிச்சீங்க, பதிப்பாளர் இல்லையா என்பார்கள். இருந்தார்கள். சிவகங்கையில் உட்கார்ந்துகொண்டே கவிஞர் மீரா அன்னம் பதிப்பகத்தை நடத்திக் காட்டியவர். எனக்குப் போய்க் கேட்கிற துணிச்சல் இல்லை, அவ்வளவுதான். ஆனா நம்ம ஆட்களுக்குச் சொந்த அச்சு புதுசும் இல்லை. ரெட்டமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ பத்திரிகையை ஆரம்பித்தபோது விளம்பரத்துக்கும் அச்சுக்கும் செலவு பத்து ரூபாய், இரண்டு நாளில் 400 பிரதி விற்றது என்று 1939இல் வந்த தன் ஜீவிய சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். இழிவாகச் சொன்ன பேரையே தலைப்பாகப் பெரிய எழுத்தில் கோர்த்தாரே, அந்தத் துணிச்சலைப் பாருங்கள். 1907இல் அயோத்திதாசர் தன் பத்திரிகைக்கு விலையையே பேராக வைத்தார், ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று. யாழ்ப்பாணத்தில் கே. டானியல் பட்டறை வைத்துப் பிழைத்துக்கொண்டேதான் ‘பஞ்சமர்’ எழுதினார். யாரும் நமக்கு எழுதுகிற அறை கட்டிக் கொடுக்கவில்லை.

எழுத முடியாமல் போனதையும் சொல்ல வேண்டும். 2018 மே 28 ராத்திரி நம்ம மாவட்டத்துக் கச்சநத்தத்தில் மூன்று பேரை வெட்டிக் கொன்றார்கள். 2022 ஆகஸ்டில் சிவகங்கை நீதிமன்றம் 27 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. கதையாக எழுதச் சொல்லித் தோழர்கள் கேட்டார்கள். மூன்று தரம் உட்கார்ந்தேன். ஒவ்வொரு தரமும் வாக்கியம் அழகாக வந்தது, அந்த அழகைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருந்தது. கிழித்துவிட்டு, என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, யார் என்ன கேட்டார்கள் என்று துண்டுப்பிரசுரமாக எழுதிக் கொடுத்தேன். கதை எழுதத் தெரிந்தவன் எது கதையில்லை என்றும் தெரிந்திருக்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. இப்போது சந்தேகமாக இருக்கிறது. பயந்துவிட்டேனோ என்னவோ.

இப்போது என் புத்தகத்துக்கு வருகிறேன். 1997இல் ஊருக்குக் கொண்டுபோனேன். எங்க தெருவில் பத்துப் பேர் வாசிக்கத் தெரிந்தவர்கள், அவர்கள் மற்றவர்களுக்கு வாசித்தார்கள். முதல் நாள் சிரிப்பு, என் பேரு வந்திருக்கு உன் பேரு வந்திருக்கு என்று. இரண்டாம் நாள் எச்சில் இலைக் கதைக்கு வந்தார்கள். மூன்றாம் நாள் பெரியவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். “ஏம்ப்பா, பொண்ணு கேட்டு வர்றவுக படிச்சா என்ன நெனைப்பாக? நாங்க மறந்துட்டோம், நீ ஏன் அச்சடிச்சே?” நான் பாமா கதையைச் சொன்னேன். “அந்தப் பொண்ணு ஊருக்கே போகலைங்கிறே, நீ எங்க கூடல்ல இருக்கே” என்றார்கள். அதுக்கு என்னிடம் பதில் இல்லை. அப்போது என் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆத்தா ஒன்றும் பேசவில்லை. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, “அந்த எலைப் பக்கத்தை எடுத்துரு” என்றது.

விற்காமல் மிச்சமிருந்த முந்நூற்றுச் சொச்சம் பிரதியிலும் உட்கார்ந்து அந்த ஒரு தாளை பிளேடால் அறுத்தேன். பிறகு வந்த இரண்டாம் பதிப்பிலும் சேர்க்கவில்லை. உண்மையை எழுதியவன் என்று என்னைக் கூட்டங்களில் அறிமுகப்படுத்தும்போதெல்லாம் அந்த பிளேடு ஞாபகம் வரும். ஐம்பது பத்திரிகையில் ‘அவர்களை’ உருவியதும் நான்தான், முந்நூறு புத்தகத்தில் இலையை அறுத்ததும் நான்தான். முதல் தரம் பயம் ஊருக்கு. இரண்டாம் தரம் யாருக்கு என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அவமானம் எலை பொறுக்கினவனுக்கா, போட்டவனுக்கா என்று மேடையில் கேட்டால் கை தட்டுகிறீர்கள். எங்க தெருவில் நின்று கேட்டால் யாரும் தட்ட மாட்டார்கள். தங்கச்சிக்குக் கல்யாணம் ஆச்சு, பிள்ளைகள் இரண்டும் இப்போது கல்லூரியில். மூத்தவள் எங்கேயோ முதல் பதிப்பு ஒன்றைத் தேடிப் பிடித்து, “மாமா, இந்தக் கதைய ஏன் எடுத்தீங்க?” என்று சண்டைக்கு வருகிறாள்.

மூன்றாம் பதிப்புக்கு ஏற்பாடு நடக்கிறது. போன மாதம் ஆத்தாவிடம் கேட்டேன், அந்தப் பக்கத்தைத் திரும்பச் சேர்க்கலாமா என்று. எண்பது தாண்டிவிட்டது, கண் சரியாகத் தெரியாது, காது நல்லாக் கேட்கும். “மொதல்ல வாசி” என்றது. வாசித்தேன். இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேலாகிவிட்டது நானே அதை வாசித்து. பின்வாசல், நாய், வாழையிலை, ஆத்தா முந்தானையில் சோற்றை வழித்து முடிவது, பையன் வெறும் வயிற்றோடு பார்த்துக்கொண்டு நிற்பது, எல்லாம் இருந்தது.

கேட்டு முடித்து, “சோறு மட்டுமா இருந்துச்சு?” என்றது. எனக்குப் புரியவில்லை. “ஒரு எலையில கந்தரப்பம் கடிபடாம முழுசாக் கெடந்துச்சு. நீதான் ஓடிப் போயி எடுத்துத் தின்னே. நல்லாருக்கு ஆத்தான்னு சிரிச்சே. அதை எங்கடா காணோம்?”

அதை நான் இன்னும் எழுதவில்லை.